கொதிநீர் கட்டிய இழை: கொள்ளிடக் கரையில் இடியாப்பமும் சேவையும்

கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் இடைப்பட்ட சிதம்பரம் வட்டாரம், காவிரிப் பாசனத்தின் வடகிழக்குக் கடைமடையாக, பல நூற்றாண்டுகளாக நெல்லையே முதற்பயிராகக் கொண்டு வாழ்ந்துவரும் நிலமாகும். பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் உருவான வீரநாராயணப் பேரேரி, அதாவது இன்றைய வீராணம், கீழணையிலிருந்து வடவாறு கொண்டுவரும் கொள்ளிடத்து நீரைத் தேக்கிக் காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பகுதிக் கழனிகளுக்குப் பகிர்ந்தளிக்கிறது. இப்படிப்பட்ட நிலத்தின் அடுக்களைகளில் இழையாகப் பிழிந்து உண்ணும் உணவு கோதுமையால் ஆகாமல் அரிசியால் ஆனது இயல்பே. கோதுமைப் பசையம் ஒவ்வாதவர்களுக்காகப் பாஸ்தாவும் நூடுல்ஸும் வீட்டிலேயே செய்துகொள்ளும் முறைகள் இன்று உலகெங்கும் புதிதாகக் கற்பிக்கப்படுகின்றன. அம்முறைகள் தீர்க்க முயலும் அதே சிக்கலை இடியாப்பமும் சேவையும் நெடுங்காலத்துக்கு முன்பே தீர்த்துவிட்டன. அந்தத் தீர்வு எதனால் ஆனது, அதற்குரிய உழைப்பை யார் சுமந்தார்கள், அது எப்போது யாருடைய கைக்கு மாறியது என்ற கேள்விகளே இவ்வுணவுகளின் வரலாற்றை விளங்கச் செய்கின்றன.

பசையம் (குளூட்டன்) என்பது கோதுமை, வாற்கோதுமை, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதங்களின் கூட்டு. கோதுமை மாவில் நீர் சேர்த்துப் பிசையும்போது கிளியாடின், குளூட்டெனின் என்னும் இரு புரதங்கள் பிணைந்து இழுபடும் வலையொன்றை உண்டாக்குகின்றன. பச்சை மாவையே மெல்லிய இழையாக இழுக்கவும், தட்டி வெட்டவும், கொதிநீரில் இட்டாலும் கரையாமல் எடுக்கவும் முடிவது அந்த வலையால்தான். இத்தாலியின் பொலோன்யா நகரைச் சேர்ந்த யாக்கொப்போ பெக்காரி, கோதுமை மாவைப் பிசைந்து நீரில் அலசி மாச்சத்தை நீக்கினால் எஞ்சும் ஒட்டுப்பொருளைத் தனியே பிரித்து 1728இல் அறிஞர்முன் விளக்கினார். அவ்வுரை 1745இல் அச்சேறியது. அரிசியிலும் புரதம் உண்டெனினும் அது இத்தகைய வலையைப் பின்னுவதில்லை. ஆகவே பச்சையரிசி மாவைக் குளிர்ந்த நீரில் எவ்வளவு நேரம் பிசைந்தாலும் அது இழையாகாது, உதிர்ந்துவிடும்.

இக்குறையை நிறைவு செய்வது அரிசியின் மாச்சத்தே. மாச்சத்துத் துகள்கள் ஏறக்குறைய 65 முதல் 75 பாகை வரையிலான வெப்பத்தில் நீரை உறிஞ்சிப் பருத்து, தம் அமைப்புக் குலைந்து களியாகின்றன. அவற்றிலிருந்து வெளிவரும் அமைலோஸ் என்னும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் ஆறும்போது ஒன்றோடொன்று இணைந்து உறுதியான கூழ்மமாக இறுகுகின்றன. தென்னிந்தியாவில் விளையும் நெல் வகைகள் பலவற்றில் அமைலோஸ் மிகுதியாக இருப்பதால் அவற்றின் மாவு வெந்தபின் இழை இழையாக நிற்கிறது. கோதுமையில் புரதம் செய்யும் வேலையை அரிசியில் வெப்பமும் நீரும் செய்கின்றன என்று சுருக்கமாகச் சொல்லலாம். சீனத்தின் மீஃபென், வியட்நாமின் பூன் முதலிய அரிசி இழைகளும் இதே நெறியில் நிற்பவை. மேலைநாட்டு வீட்டுச் சமையல் குறிப்புகள் பலவும் அரிசி மாவோடு முட்டையையும், 1960களில் உணவுத்தொழிலுக்கு வந்து சேர்ந்த சாந்தன் கோந்தையும் கூட்டிப் பசையத்துக்கு ஈடுதேட, நெல் விளையும் நாடுகளின் அடுக்களை வேறெதையும் நாடாமல் அரிசியின் இயல்பிலிருந்தே அந்தப் பிடிப்பை வரவழைத்துக்கொண்டது. உணவறிவின் பெருஞ்சாதனைகளுள் ஒன்றாக இதைக் கருத வேண்டும். அதை நிகழ்த்தியவர்கள் பெயரறியாப் பெண்கள்.

தமிழகத்தில் இந்நெறி மூன்று முறைகளாக வளர்ந்தது. முதலாவது இடியாப்பம். பச்சரிசியை ஊறவைத்து வடித்து, நிழலில் துணிமேல் பரப்பி, ஈரம் முற்றிலும் போகுமுன் இடித்துச் சலித்து, அம்மாவை வாணலியில் நிறம் மாறாமல் வறுத்தோ ஆவியில் வேகவைத்தோ எடுத்துக்கொண்டு, உப்பும் சிறிது நல்லெண்ணெயும் சேர்த்த கொதிநீரை ஊற்றிக் கிளறிப் பிசைகின்றனர். கொதிநீர் பட்ட அளவில் மாவின் ஒரு பகுதி வெந்து களியாகி, வேகாத மீதியைக் கட்டிப்பிடிக்கிறது. இந்தப் பதம் தவறினால் எந்த அச்சும் உதவாது: நீர் குறைந்தால் இழை அறுந்து அறுந்து விழும், கூடினால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். பதமான மாவை அச்சிலிட்டுத் தட்டில் வட்டமாகப் பிழிந்து, பத்து நிமிட அளவில் ஆவியில் அவித்தால் எஞ்சிய மாவும் வெந்து இடியாப்பம் முழுமையடைகிறது.

இரண்டாவது முறையில் வரிசை தலைகீழாகிறது. காவிரிப் படுகையில் சேவை என்றும் கொங்கு நாட்டில் சந்தகை, சந்தவை என்றும் வழங்கும் உணவுக்குப் புழுங்கலரிசியை ஊறவைத்து ஈரமாகவே அரைத்து, அம்மாவை முதலில் இட்லியாகவோ கொழுக்கட்டையாகவோ அவித்தெடுத்து, சூடு ஆறுமுன் நாழியிலிட்டுப் பிழிகின்றனர். இங்கு இழை பிறக்கும்போதே வெந்துவிட்டிருப்பதால் அதற்கு உறுதி அதிகம். தேங்காய், எலுமிச்சை, புளி, எள் என்று எதைச் சேர்த்துத் தாளித்துக் கிளறினாலும் அது நொறுங்குவதில்லை. ஆனால் வெந்த மாவு விறைப்பானது. அதனைச் சிறு துளைகளின் வழியே தள்ளுவதற்கு இடியாப்பத்துக்குத் தேவைப்படுவதைவிடப் பன்மடங்கு விசை வேண்டும்; மாவு ஆறிவிட்டாலோ பிழியவே இயலாது. மூன்றாவது முறை வெயிலைத் துணைகொள்வது: அரிசி மாவைக் கூழாகக் காய்ச்சி, மொட்டை மாடியில் விரித்த வேட்டிமேல் பிழிந்து காயவைத்தெடுக்கும் வடாம், வற்றல் வகைகள் இதனைச் சேர்ந்தவை. இவை பொரித்து உண்பதற்கானவை எனினும், அரிசி இழையை உலர்த்திச் சேமிக்கும் அறிவு இந்நாட்டில் நிலவியதற்கு இவை சான்று.

இழையுணவின் பழமையைப் பேசுவோர் சங்க இலக்கியத்தைச் சுட்டுவது வழக்கம். பத்துப்பாட்டுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில், தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், குருக்கத்திக் கொடியின் பூக்கள் நீர்நிலையில் உதிர்ந்து கிடக்கும் காட்சிக்குக் கூவியர், அதாவது அப்பம் சுட்டு விற்போர், பாகு சேர்த்துச் செய்த இழைகள் சூழ்ந்த வட்டமான பண்டம் பாலில் மிதப்பதை உவமையாக்குகிறார். உணவு வரலாற்றறிஞர் கே. டி. அச்சயா சங்க நூற்குறிப்புகளைக் கொண்டு இடியாப்பத்தின் பழமையை அக்காலம்வரை கொண்டுசென்றார். இழைகளால் ஆன வட்டம், பாலோடு கலந்த உணவு என்னும் இரண்டும் தேங்காய்ப்பால் ஊற்றிய இன்றைய இடியாப்பத்தை நினைவூட்டுவது உண்மையே. எனினும் அப்பாடல் அச்சையோ பிழிதலையோ ஆவியையோ குறிப்பிடவில்லை என்பதால், அப்பண்டமும் இன்றைய இடியாப்பமும் ஒன்றே என்று அறுதியிடுவது மிகையாகும். பிழியும் கருவியைப் பற்றிய தெளிவான செய்தி அண்டை மொழியில் கிடைக்கிறது. இரண்டாம் சாவுண்டராயர் 1025ஆம் ஆண்டளவில் கன்னடத்தில் இயற்றிய லோகோபகாரம் என்னும் நூல் சாவிகே எனப்படும் இழையுணவையும் அதற்குரிய அச்சையும் கூறுகிறது. கருநாடகத்தின் ஒத்து சாவிகே, குடகிலும் மலபாரிலும் வழங்கும் நூல்புட்டு, கொங்கின் சந்தகை, படுகையின் சேவை ஆகியவை ஒரே பெருங்குடும்பத்தின் கிளைகள் என்பதைக் கருவிகளின் ஒப்புமையே காட்டிவிடுகிறது.

கருவிகளின் கதையில்தான் உழைப்பின் கதை அடங்கியிருக்கிறது. கையால் அழுத்தும் மர உழக்கும் பித்தளை அச்சும் இடியாப்பத்தின் இளக்கமான மாவுக்குப் போதும். சேவைக்கோ முக்காலியின்மேல் நிறுத்திய நாழியும், அதனுள் இறங்கும் திருகும், திருகைச் சுற்றும் நீண்ட கைப்பிடியும் தேவைப்பட்டன. கொங்குப் பகுதியில் நெம்புகோலைப் போன்ற மரச் சந்தகைப் பொறிகளில் ஒருவர் மாவை இட, மற்றொருவர் தம் உடலின் முழு எடையையும் கொண்டு அழுத்த வேண்டியிருந்தது. ஒருவர் தனியே செய்ய முடியாத உணவாக அது இருந்ததனாலேயே மாப்பிள்ளை விருந்துக்கும் அரிய விருந்தினரின் வருகைக்கும் உரியதாயிற்று. நாழி பிழிவது ஆண்களும் கைகொடுத்த அடுக்களை வேலைகளுள் ஒன்று. ஆனால் அதற்கு முந்திய வேலைகள் அனைத்தும், அதாவது நெல்லைக் குத்துதல், புடைத்தல், ஊறவைத்தல், இடித்தல், சலித்தல் ஆகியவை, பெண்களின் தோளிலேயே விழுந்தன. நிலமுடையோர் வீடுகளில் உலக்கை பிடித்தவர்கள் பெரும்பாலும் கூலிக்கு வந்த பெண்கள். கழனியில் நாற்று நட்டு, களத்தில் நெல் தூற்றி, முற்றத்தில் மாவிடித்த அப்பெண்களின் வீட்டில் அன்றாடம் பொங்கியது கூழும் கஞ்சியும்தான். விருத்தாசலம், திட்டக்குடி முதலிய மேற்குப் புன்செய்ப் பகுதிகளில் வரகும் கம்பும் கேழ்வரகுமே முதன்மை உணவாயிருந்தன. இடியாப்பத்தை எல்லோருக்கும் பொதுவான பழந்தமிழர் காலையுணவாகச் சித்திரிக்கும் எழுத்துகள் இந்த வேறுபாட்டைக் காண மறுக்கின்றன.

வெள்ளாற்று முகத்துவாரத்தில் உள்ள பரங்கிப்பேட்டை இவ்வுணவின் கடல்வழிப் பயணத்தைப் புரிந்துகொள்ள உதவும் துறைமுகம். ஐரோப்பியர் போர்ட்டோ நோவோ என்றழைத்த இவ்வூரிலிருந்தும், ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690இல் கோட்டையைப் பெற்றுப் புனித டேவிட் கோட்டையென்று பெயரிட்ட கடலூரிலிருந்தும், நாகூர், நாகப்பட்டினம் ஆகியவற்றிலிருந்தும் சூலியா வணிகர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் அச்சே, கெடா, மலாக்கா துறைமுகங்களோடு துணி வணிகம் நடத்தினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோட்டத் தொழிலாளரும் சிறுவணிகரும் அதே கடலைக் கடந்தனர். இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் புட்டு மாயம் என்ற பெயரில், துருவிய தேங்காயும் பழுப்புச் சர்க்கரையும் தூவி விற்கப்படுவது இடியாப்பமே. இன்ன ஊரார் இன்ன ஆண்டில் கொண்டுசென்றனர் என்று எதையும் தனித்துச் சுட்ட இயலாதெனினும், அது தென்னிந்தியரோடு அங்கு சென்றது என்பதில் ஐயமில்லை. இலங்கையில் அது இன்னும் ஆழமாக வேரூன்றியது. சிவப்பரிசி மாவில் பிழிந்து, பின்னிய சிறு தட்டுகளில் அவித்து, சொதியோடும் சம்பலோடும் உண்ணும் இடியப்பம் யாழ்ப்பாணத்தின் அன்றாட உணவாகி, மீந்ததைக் கொத்தி வதக்கும் இடியப்பக் கொத்தையும் பிறப்பித்தது. தமிழ் முஸ்லிம் வீடுகளில் இறைச்சி ஆணத்தோடும், இந்து வீடுகளில் தேங்காய்ப்பாலோடும், சிதம்பரத்தில் சுட்ட அல்லது வேகவைத்த கத்தரிக்காயைப் புளியோடும் வறுத்தரைத்த கொத்தமல்லி மிளகாய்ப் பொடியோடும் கொதிக்கவைக்கும் கொத்சுவோடும் அது உண்ணப்படுகிறது. நடராசர் கோயிலின் சம்பா சாதத்துக்குத் துணையாகப் பெயர்பெற்ற இந்தக் கொத்சு, வட்டாரத்தின் சிற்றுண்டிகள் பலவற்றுக்கும் துணையாகியிருக்கிறது.

அரிசியின் ஆட்சிக்கு முதல் பெரும் இடையூறு இருபதாம் நூற்றாண்டில் நேர்ந்தது. அந்த வரலாற்றில் அண்ணாமலை நகருக்கு எதிர்பாராத தொடர்பொன்று உண்டு. 1920இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியை நிறுவி, 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவாக வழிவகுத்த அண்ணாமலைச் செட்டியார், பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் வட்டித்தொழில் நடத்திய நகரத்தார் சமூகத்தின் முதன்மையாளர்களுள் ஒருவர். ஐராவதி ஆற்றுப் படுகையின் காடுகளைத் திருத்தி நெல்வயலாக்கிய பர்மிய உழவருக்கு முதல் தந்தது பெருமளவு நகரத்தாரின் கடனே. 1930களின் பெருமந்தத்தில் நெல்விலை சரிந்து கடன்கள் அடைபடாமற்போக, அடமான நிலங்கள் கடன் கொடுத்தோர் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முதன்மையான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த அவர்களின் நிலவுடைமை 1938இல் சுமார் 25 விழுக்காடாயிற்று. அங்கு விளைந்த அரிசியின் ஒரு பகுதி சென்னை மாகாணத்துக்கு வந்து இங்குள்ள பற்றாக்குறையை ஈடுகட்டியது. 1942இல் சப்பானியப் படைகள் பர்மாவைக் கைப்பற்றியதும் அவ்வரவு ஒரேயடியாக நின்றது. 1943இல் பங்கீட்டு முறை வந்தது. அரிசிக்கு மாற்றாகக் கோதுமையும் பிற தானியங்களும் வழங்கப்பட்டன. 1952இல் இராசாசி அரசு கட்டுப்பாட்டை நீக்கியபோதும் பற்றாக்குறை தீரவில்லை. 1954இல் அமெரிக்கா இயற்றிய பி.எல். 480 சட்டத்தின்கீழ் 1956 முதல் கோதுமை பெருமளவில் இறக்குமதியாயிற்று. 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் ரூபாய்க்குப் படியரிசி என்ற வாக்குறுதி ஆட்சியையே மாற்றும் அளவுக்கு அரிசிப்பசி தமிழகத்தை வாட்டியது.

விரும்பாமல் வந்த கோதுமையைத் தமிழ் அடுக்களை எதிர்கொண்ட விதம் கூர்ந்து நோக்கத்தக்கது. பச்சைக் கோதுமை மாவைப் பிசைந்து அச்சிலிட்டால் அது இழுபட்டு, துளைக்கு வெளியே வந்தபின் ஒட்டிச் சுருங்கி, அவித்தால் சவ்வாகிவிடும். ஆகவே கோதுமை இடியாப்பத்துக்கு மாவை முதலில் நன்கு வறுத்தும், மைதா முறுக்குக்கு மாவைத் துணியில் முடிந்து ஆவியில் வேகவைத்து உதிர்த்துச் சலித்தும் எடுக்கும் வழக்கம் பரவியது. வெப்பம் பட்ட பசையப் புரதம் வலை பின்னும் ஆற்றலை இழந்துவிடுவதால், அம்மாவு அரிசி மாவைப் போல நடந்துகொள்கிறது. உலகின் பிற பகுதிகள் அரிசியைக் கோதுமையாக்க முயலும்போது, தமிழகப் பெண்கள் கோதுமையை அரிசியாக்கினர் என்பது இவ்வுணவின் வரலாற்றில் தனியே நினைக்கப்பட வேண்டிய நிகழ்ச்சி. ஆயினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: வறுத்தலும் அவித்தலும் பசையத்தின் இழுவையை அடக்குமேயன்றி அதனை மாவிலிருந்து அகற்றுவதில்லை. பசையம் ஒவ்வாதவருக்கு வறுத்த கோதுமையும் கோதுமையே.

1956இல் தொடங்கப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1962 முதல் மின்சாரம் உற்பத்தி செய்தது. அதே பதிற்றாண்டுகளில் சிற்றூர்கள்தோறும் மின்கம்பிகள் நீள, நெல் அரவை ஆலைகளும் மாவு மில்களும் பெருகின. உலக்கை ஓய்ந்தது. பெண்களின் தோள்வலி பெருமளவு குறைந்ததைப் பெரும்பேறாகவே எண்ண வேண்டும். உரலில் இடித்த மாவின் சுவையைப் பற்றிய ஏக்கங்கள் அவ்வலியை அறியாதவர்கள் எழுதியவை. ஈர மாவரைக்கும் மின் ஆட்டுக்கல் சேவைக்கு உதவியது. திண்டுக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்ட அணில், சேவரிட் போன்ற நிறுவனங்களின் கோதுமைச் சேமியா பலசரக்குக் கடைகளை நிறைத்தது. 1983இல் மேகி வந்தது. அவித்துப் பிழிய வேண்டாத, கொதிநீரில் இட்டால் போதுமான இழை கிடைத்தபோது சேவை நாழிகள் பல வீடுகளில் பரணுக்கு ஏறின. அதன் பின்னரே வறுத்த இடியாப்ப மாவுப் பொட்டலங்களும், உலர்த்திய அரிசிச் சேவையும், மிதிவண்டியிலும் மொபெட்டிலும் பெட்டி வைத்துத் தெருத்தெருவாக விற்கப்படும் சுடு இடியாப்பமும் அந்த இடத்தை ஓரளவு மீட்டன.

பசையத்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் நிறுவப்பட்டது. சிலியாக் நோய் என்பது, பசையம் உட்கொள்ளும்போது உடலின் தற்காப்பு அமைப்பே சிறுகுடலின் உட்சுவரைச் சிதைக்கும் நிலை. நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்க, போர்க்காலத்தில் கோதுமை உணவு அரிதானபோது நோயுற்ற குழந்தைகள் தேறியதையும் மீண்டும் ரொட்டி கிடைத்தபோது நலிந்ததையும் கருத்திற்கொண்டு, தம் முந்தைய ஆய்வுகளோடு இணைத்து 1950இல் தம் ஆய்வேட்டை வெளியிட்டார். இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,000க்கும் மேற்பட்ட வயது வந்தோரிடம் நடத்தி 2016இல் வெளியான ஆய்வொன்று, நோயைச் சுட்டும் எதிர்ப்பொருள்கள் வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேலாகவும், வேலூரை உள்ளிட்ட தென்பகுதியில் ஆயிரத்துக்கு ஒருவர் அளவிலும் காணப்படுவதைக் கண்டது. கோதுமை உண்ணும் அளவில் இரு பகுதிகளுக்கும் உள்ள பெரும் வேறுபாடு இதற்கான விளக்கங்களுள் ஒன்று. அரிதென்பதால் இந்நோய் தமிழகத்தில் கவனிக்கப்படாமல் போய்விடக் கூடும். பரோட்டாவும் ரொட்டியும் நூடுல்ஸும் அன்றாட உணவாகிவிட்ட தலைமுறையில் இந்தக் கவனக்குறைவு பெரும் தீங்காகும்.

இந்நோயுள்ளவருக்காக இன்று சிதம்பரத்திலோ கடலூரிலோ ஒரு குடும்பம் இழையுணவு செய்ய முற்படும்போது, பழைய முறையின் ஒவ்வொரு படியும் புதிய பொருள் பெறுகிறது. கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் பசையம் இருக்கும் உணவைப் பசையமற்றதென்று விற்க இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் இடந்தருவதில்லை. கோதுமை அரைத்த மில்லிலேயே அடுத்ததாக அரிசியை அரைத்தால், கல்லிலும் சாடியிலும் தங்கிய கோதுமை மாவு அந்த அளவை எளிதில் மீறச் செய்யும். அரிசிக்கென்று தனிப்பொறி வைத்திருக்கும் மில்லைத் தேடுவதும், அரிசியை வீட்டிலேயே ஊறவைத்துச் சிறு அளவில் அரைத்துச் சலிப்பதும் இதற்குரிய வழிகள். ஈரமாக அரைத்து அவித்துப் பிழியும் சேவை முறையில் மில்லின் உதவியே தேவைப்படாததால் அதுவே மிகப் பாதுகாப்பானது. கேழ்வரகும் வரகும் பசையமற்றவை என்பதால் அவற்றின் மாவில் ஒரு பங்கு அரிசி மாவைக் கூட்டிப் பிழிந்தால் இழை அறாமல் நிற்கும். மேற்குப் புன்செயின் தானியங்கள் இவ்வகையில் கிழக்குக் கழனியின் உணவோடு சேர்கின்றன. இத்தனை கவனத்தோடு பிழிந்த சேவையையும் தாளிக்கும் நேரத்தில் ஒரு சிட்டிகைப் பெருங்காயம் கெடுத்துவிடக் கூடும். கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு கோதுமை மாவோ மைதாவோ கலப்பது நெடுநாள் வழக்கம். கொத்சுவுக்கும் எலுமிச்சைச் சேவைக்கும் பெருங்காயம் வாங்குவோர் டப்பாவின் பின்புறத்தில் அச்சிட்டுள்ள சேர்மானப் பட்டியலைப் படித்து, அரிசி மாவு சேர்த்துத் தயாரித்ததையோ கலப்பில்லாத பால் பெருங்காயத்தையோ தேர்ந்தெடுப்பது அவசியம்.